ஒன்றரை மணி நேரம்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து வாகைக்குளம் விமான நிலையம்
அறுபத்தைந்து கிலோமீட்டர்.
சேரன்மகாதேவி கேட் அடைக்காவிட்டால்
ஒன்றரை மணி நேரம்.

அங்கிருந்து சென்னை
ஐந்நூற்றுச் சொச்சம்.
அதுவும் ஒன்றரை மணி நேரந்தானாம்.

"அப்பம் நம்ம வண்டியும் பிளேனும் ஒண்ணுல்லா" என்றேன்.
"மேல கேட்டு கிடையாதே, பூதலிங்கம்"
என்றார் சங்கரவடிவு டீச்சர்.

விசிறி வைத்த சின்ன விமானம்
உடைமரங்களுக்கு மேலே வடக்கே திரும்பியதும்
நான் மேற்கே திரும்பினேன்.
வல்லநாட்டில் நின்றபடியே ஒரு டீ.
ஆற்றுப்பாலத்தில் கொஞ்சம் நெரிசல்.

வாசலில் வண்டியை அணைக்கையில்
செல்போன் துடித்தது: இறங்கிட்டேன்.
நானும், என்று அனுப்பிவிட்டுப்
பின்கதவைத் திறந்தால்
சீட்டில் அப்பளக் கட்டு,
மகனுக்கென்று பேரம் பேசி வாங்கியது.

அதற்கு மட்டும்
முழுத் தூரமும் பாக்கி.