நிலுவை

எங்கள் பக்கத்தில் சிக்னல்
கறையான் புற்றின் உச்சியில் இருந்தது.
என் உயரத்துக்கு மேலும் ஒன்றரை முழம்.
ஏறிக் கையை நீட்டினால் இரண்டு கோடு காட்டும்,
இறங்கினால் போய்விடும்.
'ஆடு ஏறி நின்றால் ஆட்டுக்கும் கிடைக்கும்' என்பாள் மெபெலோ.
அப்போது அவள் கேலி பேசுகிறவளாக இருந்தாள்.

சுகாதாரத் தொண்டன் நான்.
சைக்கிள் கொடுத்தார்கள், பை கொடுத்தார்கள்.
பைக்குள் மலேரியாப் பட்டைகள்,
குழந்தைகளின் புயம் அளக்க மூவண்ண நாடா,
ஒரு போன்.
டேட்டாவுக்கு மட்டும் காசு தரவில்லை.
அதற்கு நான் மீன் விற்றேன்.

போனுக்குள் ஒரு படிவம்.
வயதை மாதக் கணக்கில்தான் கேட்கும்.
பூஜ்யம் போட்டால் ஒப்புக்கொள்ளாது.
பிறந்து ஆறே நாளான பிள்ளைகளை
ஒரு மாதமாக மூப்பாக்கி அனுப்பியிருக்கிறேன்.
போனில் இரண்டு கோடு வரவேண்டும்,
பட்டையில் இரண்டு கோடு வரக்கூடாது.
என் வேலை அவ்வளவுதான் என்று
வருகிறவர்களிடம் சொல்வேன், சிரிப்பார்கள்.

பிப்ரவரியில் சாம்பசி
கரையை விட்டு எழுந்து வந்தது,
வருஷா வருஷம் வருவதுபோல.
புற்றைச் சுற்றி நீர்.
இருட்டில் ஓடம் தள்ளிப் போனபோது
எனக்கு முன்பே மூன்று பாம்புகள் ஏறியிருந்தன.
இடம் விட்டன.
ஒற்றைக் காலில் நின்று தட்டினேன்:
முலாக்கோ. ஐம்பது மாதம்.
பட்டையில் இரண்டு கோடு. வலிப்பு.
படகு வேண்டும்.

செய்திக்குப் பக்கத்தில்
சின்னக் கடிகாரம் ஒன்று வந்து உட்கார்ந்தது.
போகவில்லை.
மழையில் எங்கோ கோபுரம் செத்திருந்தது.
போனை மார்புச் சூட்டில் வைத்துப் பார்த்தேன்,
தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தேன்.
கடிகாரம்.
பேட்டரி தீர்ந்ததும் இறங்கினேன்.
விடிந்திருந்தது.
கரையிலிருந்தே கேட்டது மெபெலோவின் குரல்,
அது கேலியில்லை.

அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

மறு வெள்ளத்துக்கு முன்னால்
மேட்டில் எங்களுக்கென்றே ஒரு கோபுரம் நட்டார்கள்.
சூரியத் தகடுகள், முள்வேலி,
லுசாகாவிலிருந்து வந்தவர்களுக்கு மீன் விருந்து.
ஜனவரியில் ஒரு காலை அதற்கு உயிர் வந்தது.
நான் வலை பின்னிக்கொண்டிருந்தேன்.
இடுப்பில் போன் துடித்தது, நிற்காமல் துடித்தது.
நிலுவையில் கிடந்ததெல்லாம்
ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயிருக்கிறது.

எடுத்துப் பார்த்தபோது
செவிலி சிபேசோவின் பதில் இருந்தது:
படகு புறப்பட்டுவிட்டது.
பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

வேண்டாம் என்று அடித்தேன்.
படகு அதற்குள் ஆற்றின் வாய்பேசாத பகுதிக்குள் போயிருந்தது.

பிற்பகலில் லியாலி வந்தார்.
படகில் பாய், கம்பளி, தொங்கவிடச் சலைன் புட்டி.
'பிள்ளை எங்கே?'
கரையில் இருந்த எவருக்கும்
அப்போது பார்க்க வேறு ஏதோ இருந்தது.

மரவள்ளி காய வைத்துக்கொண்டிருந்த மெபெலோ
கையெல்லாம் மாவோடு வந்தாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
படகில் ஏறினாள்.
பாயை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்,
கட்டில் வாங்குகிறவள்போல.
'வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சு?'
'நாலு மணி நேரம், அம்மா.'
விரல் விட்டு எண்ணினாள்.
'அன்றைக்கு ஏழு இருந்தது' என்றாள்.
இறங்கிவிட்டாள்.
பாயில் ஐந்து விரல் மாவு.

லியாலி தலை சொறிந்தார்.
இருபது லிட்டர் எரிந்திருக்கிறது,
யார் பெயரிலாவது கணக்கு எழுதியாக வேண்டும்.
படிவத்தைத் திறந்தேன்.
முலாக்கோ என்று போட்டேன்.
வயது கேட்டது.
ஐம்பது என்று தட்டப் போனேன்.

'அறுபத்தொன்று' என்றாள் பின்னாலிருந்து.

படிவம் ஒப்புக்கொண்டது.
நின்ற இடத்திலிருந்தே போனது.