ஐந்தாம் கிணறும் காதில்லாத மானும்

வினோத உடைப் போட்டி வெள்ளிக்கிழமை என்று
துண்டு வந்தது புதன்கிழமை பின்னேரம்,
தண்ணீர்ப் போத்தலுக்குக் கீழே ஈரமாகி.
"குடும்பமாகவும் பங்குபற்றலாம்"
அந்த வரியைத்தான் மகள் முதலில் வாசித்தாள்.

மத்திய வீதியில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.
ராணி ஆயிரத்து ஐந்நூறு, முடி தனி.
சிங்கத்தை வேறு பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட்டது.
தேவதைக்கு ஒரு சிறகு மடங்கிக் கிடந்தது.
நான் விலை பேசிக்கொண்டிருக்க,
கடைவாசலில் கச்சான் சரையைத்
தின்றுகொண்டு நின்ற மானைக் காட்டி
"அதுதான் நான்" என்றாள் தர்மிகா.

மண்ணிறத் துணி வீட்டில் ஒன்றே ஒன்று:
கோகுலன் காவல் வேலை பார்த்த காலத்துக் கால்சட்டை.
இரண்டு கால்களையும் பிரித்தேன்.
முழங்கால் தேய்ந்த இடம் மானுக்கு வயிறு.
பையிலிருந்து விழுந்தது
ஊறிக் காய்ந்த மூதூர்ப் படகுச் சீட்டு.
யாரைப் பார்க்கப் போனீங்கள்?
"மறந்துபோச்சு" என்றார்,
ஊசியில் நூல் கோத்துத் தந்தபடி.

புள்ளிக்குச் சோடா மூடி.
சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையில் தோய்த்து
தபால் கந்தோரில் நான் குத்துவது போலவே குத்தினாள்,
ஒவ்வொன்றுக்கும் வாயால் ஒரு 'டக்'.
நாற்பதுக்குப் பிறகு எண்ணிக்கை தப்பி
மேசையில் நான்கு,
பூனையில் ஒன்று.

வேடமெல்லாம் சின்னப்பிள்ளை வேலை என்றவன்,
நிதுசன்,
இரவு ஒன்பது மணிக்கு வந்து நின்றான்.
"நான் கன்னியா வெந்நீர்க் கிணறு."
ஏழுமா?
அடி உடைந்த வாளி வீட்டில் ஒன்றுதான்.
யோசித்துவிட்டு, "ஐந்தாவது" என்றான்.
"அதிலதான் சூடு கூட. விரல் வச்சுப் பாத்தனான்."
வாளியைத் தோளில் தொங்கவிட்டு
விளிம்பெல்லாம் பஞ்சு ஒட்டினோம், ஆவிக்கு.

"நான் நானாகவே வாறன்" என்றார் கோகுலன்.
விடவில்லை அவள்.
மான் இருக்கிற ஊரில பலகை இல்லாம ஏலுமா?
பிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை, மஞ்சள் தாள்,
அவள் கீறிய, நாயைப் போன்ற ஒரு மான்.
கீழே அவர் எழுதினார் "மெதுவாகச் செலவும்".
விட்டுப்போன ஓர் எழுத்தை
இடுக்கில் செருகிச் 'செல்லவும்' ஆக்கினார்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை.
விரல்களில் பசை காய்ந்து உரிந்தது;
பாம்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

காதுகளுக்கு இரண்டு பலா இலை.
தலைப்பட்டியில் கம்பியால் இறுக்கி
வாடாமலிருக்கப் பனியில் கொடியில் போட்டோம்.
நடுச்சாமம் படலையில் ஏதோ உரசியது.
காலையில் கம்பி இருந்தது,
கம்பியில் ஒரு பச்சைக் காம்பு இருந்தது,
கீழே கறுப்பாய்ப் புழுக்கை.

அழுவாள் என்று நினைத்தேன்.
பட்டியை முகர்ந்து பார்த்து
"முழுக்கச் சாப்பிட்டிட்டுது" என்றாள்,
சமைத்தவளின் பெருமையோடு.

திடலில் வெயில்.
ஒலிவாங்கியில் ரீச்சர் தடுமாறினார்.
கன்றுக்குட்டியா?
புள்ளிப் பு... என்று தொடங்கி
சிறுத்தை என்று முடித்தார்.
காதில்லாத மான் பதில் சொல்லவில்லை.
குனிந்து, யாரோ எறிந்த ஐஸ்கிறீம் தாளை எடுத்து,
ஒருவரையும் பாராமல்
தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து
மெல்லத் தொடங்கினாள்.
"மான்! எங்கட மான்!"
கூடாரத்திலிருந்து முதலில் கத்தியது
ஐஸ்கிறீம் விற்றவர்.

முதலிடம் ராணிக்கு.
ஐந்தாம் கிணற்றுக்கு ஆறுதல் பரிசு, சவர்க்காரப் பெட்டி.
கடற்கரை வீதியால் நடந்து வந்தோம்.
கோகுலன் பலகையைக் கழற்றவில்லை.
ஓர் ஓட்டோ பிறேக் போட்டு,
பார்த்து,
மெதுவாகச் சென்றது.
அவர் கொஞ்சம் நிமிர்ந்தார்.

குளிக்க வார்த்தபோது
துணியை ஊறிக் கடந்த ஒரு புள்ளி
அவள் தோள்பட்டையில்.
"தேய்க்க வேண்டாம்."
தேய்க்கவில்லை.

படுக்குமுன் இரண்டு பலா இலை பறித்துப்
படலையடியில் வைத்தேன்.
விடிய, இரண்டும் அப்படியே கிடந்தன.
கச்சான்காரரிடம் போயிருக்கும்.