பதினொரு நிமிடம்

தார்த்து நகரத்தில் ஜூன் மாத இரவென்பது
யாரோ சாத்த மறந்த கதவு.
மூன்றரைக்கே வெளிச்சம் உள்ளே வந்துவிடும்.
மூன்று ஐம்பதுக்கு என் மேஜையில் மணி அடித்தது.
நுரையீரல் இருக்கிறது, இரண்டும் நன்றாக இருக்கின்றன,
ரத்தப் பிரிவு இது, நெஞ்சளவு இது.
யாருடையது என்று நான் கேட்பதில்லை.
எங்கோ ஒரு வீட்டில் அந்நேரம் எல்லா விளக்கும் எரியும்.
அதை நினைக்க
சாயங்காலம் நேரம் வரும்.

பட்டியலில் முதல் பெயர் லேலோ.
வோரு ஊரில் தபால் வண்டி ஓட்டியவள்.
இப்போது ஆக்சிஜன் உருளையை
அடம்பிடிக்கும் நாய்போல இழுத்துக்கொண்டு
எங்கள் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கிறாள்,
முப்பது மீட்டர் போய், முப்பது மீட்டர் திரும்பி.
போன வாரம் நூற்றெண்பத்தாறு.
"ஒரு தபால்பெட்டியிலிருந்து
அடுத்ததற்குக்கூடக் காணாது" என்றாள்.

பிப்ரவரியில் ஒருமுறை அழைத்தோம்.
பனியில் வந்தாள். மருந்து சோப்பில் குளித்து,
பச்சை அங்கியில் ஐந்து மணி நேரம் படுத்திருந்தாள்.
வந்த நுரையீரலில் நீர் கோத்திருந்தது.
டாக்டர் சொல்லி முடிக்கும்வரை
கூரையையே பார்த்தவள்,
"சரி, என் கம்பளிக் காலுறையாவது கிடைக்குமா" என்றாள்.

அவளுடைய கேனரியை வெளியேற்றியதும் நாங்கள்தான்.
இறகு, எச்சம், கூண்டுத் தூசு
கூடவே கூடாதென்பது எங்கள் தாளில் ஒன்பதாவது வரி.
(பூந்தொட்டி மண் பத்தாவது.
பம்பளிமாஸ் பன்னிரண்டாவது, அது பிற்பாடு மாத்திரைக்கு ஆகாது.)
எதிர்வீட்டு மாய்முவிடம் கூண்டோடு கொடுத்துவிட்டு
கையெழுத்துப் போட்டாள்.

மூன்று ஐம்பத்து மூன்று: எண் உபயோகத்தில் உள்ளது.
மூன்று ஐம்பத்தைந்து: உபயோகத்தில் உள்ளது.
இரண்டாவது எண் அவள் அக்கா மகனுடையது,
அணைத்து வைத்துவிட்டுத் தூங்குகிறான்.
வோரு காவல் நிலையத்துக்குச் சொல்லியாயிற்று.
இந்த நேரத்தில் யாரோடு பேசுகிறாய், பெண்ணே?

நாலு ஐந்துவரை பார்க்கலாம், அப்புறம் அடுத்த பெயர்.
அடுத்த பெயர் அர்க்காடி.
நார்வா தூரமென்று ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்
அறை எடுத்துத் தங்கியிருப்பவர்.
நடைப் பரிசோதனைக்கும்
இஸ்திரி போட்ட சட்டையில் வருபவர்.
என் ஜன்னலிலிருந்து அவருடைய திரைச்சீலை தெரியும்.
கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்து நிற்பார்,
பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு.
என் கட்டைவிரல் அவர் எண்ணின் மேல் இருந்தது.
திரைச்சீலையைப் பார்க்காமல் இருக்க
நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

நாலு மணி ஒரு நிமிடம்.
"ஹலோ? மன்னிக்கணும், மாய்மு கூப்பிட்டிருந்தாள்.
மூன்றரைக்கே பாட ஆரம்பித்துவிட்டதாம் அது.
உன் பறவை, நீயே கேள் என்று
போனைக் கூண்டருகே வைத்துவிட்டுத்
தூங்கப் போய்விட்டாள்.
எனக்கு வைக்க மனம் வரவில்லை."
பிறகு, மூச்சை இரண்டு தவணையாக இழுத்து,
"நீங்கள் யார் பேசுவது?"

காலை பத்து மணிக்கு
அவள் இன்னும் மேஜையில் இருந்தாள்.
வலப்புறம் முடிந்து இடப்புறம் நடக்கிறதென்று சேதி.
தீவிரப் பிரிவில் ஐரி
படுக்கை விரித்து, ஒரு சிறு தலையணையும் எடுத்து வைத்தாள்.
தையல் வலிக்காமல் இருமப் பழகும்போது
நெஞ்சோடு அணைத்துக்கொள்ள.

தாழ்வாரத்தில் அர்க்காடி நடந்துகொண்டிருந்தார்.
நீலச் சட்டை, கழுத்துவரை பொத்தான்.
திரும்பும் இடத்தில் சுவரைத் தொட்டு நின்றார்.
"ராத்திரி அழைப்பு ஏதும் வரவில்லையே?
நான் அசந்து தூங்கிவிட்டேனோ என்று பயம்."
"உங்களுக்கு வரவில்லை" என்றேன்.
அதில் பொய் எதுவும் இல்லை.

ஆறு நிமிடம் முடிந்ததும்
நாற்காலியில் உட்கார்ந்து,
பேச வராமல் விரலால் காட்டிக் கேட்டார்: எவ்வளவு?
இருநூற்றுப் பன்னிரண்டு.
போன தடவையைவிட இரண்டு கூட.
அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
கொட்டை எழுத்தில் எழுதினேன்.