பத்தொன்பதாம் பக்கத்துப் பை

முதல் தடவை வசனத்தைத் தாண்டித்தான் படிப்பேன்.
யார் நனைகிறார், யார் குனிகிறார்,
கைக்கு வந்த பொருள் எங்கே போகிறது.
பென்சில் அதற்குத்தான்.

இளம்பரிதி எழுதியது அறுபத்திரண்டு பக்கம்.
கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத ஒரு புரட்டாசி,
ஷட்டர் பூட்டும் லஸ்கர் தங்கையன்.
உடைக்கென்று அவர் விட்டிருந்தது ஒரே சொல்:
காக்கி.

எந்தக் காக்கி?
தோளில் வெளுத்ததா,
சைக்கிள் சீட்டில் தேய்ந்ததா,
அளவெடுத்த வருஷத்துக்கப்புறம் ஆள் இளைத்தானா?
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது.
இரண்டு கூட்ஸ் வண்டி போய்முடிவதற்குள்
ஓரமெல்லாம் கேள்வியாகிவிட்டது.

இரண்டாம் காட்சியில்
இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறான்.
மூன்றில் தாசில்தார் எதிரே நிற்கிறான்.
நடுவில் இருட்டு நாற்பது நொடி.
ஈரம் எங்கே, பரிதி?
"நாடகம்தானே" என்றார் போனில்.

பக்கம் பத்தொன்பது:
பூட்டின் சாவியைச் சட்டைப் பையில் போடுகிறான்.
பக்கம் நாற்பத்தேழு:
அவன் மனைவி அஞ்சலை சாவியை நீட்டுகிறாள்.
இடையில் இருவரும்
ஒரு காட்சியிலும் சேர்ந்து நிற்கவில்லை.

வண்டி நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே
போர்செட் உள்ள வயலில் மட்டும் நடவு.
புடவைக்கு மேல்
ஆளுக்கொரு ஆம்பிளைச் சட்டை.

அட.

அவன் தாசில்தாரைப் பார்க்கப் போனது
கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில்.
கொடியில் கிடந்த காக்கியை, காய்ந்தும் காயாமல்,
அவள் மாட்டிக்கொண்டு நடவுக்குப் போயிருக்கிறாள்.
ஊர் பூட்டை உடைக்கக் கடப்பாரை தேடும்போது,
"சாவி எங்கேடா?" என்று அவனை நெட்டித் தள்ளும்போது
நாலாம் காட்சி முழுக்க
அவள் நெஞ்சில் கிடக்கிறது சாவி.
அந்தக் காட்சியில் அவளுக்கு வசனம் இல்லை.

மன்னார்குடியில் ஜமால் கடை மாடி.
வெள்ளைக்கு மேலே பித்தான், அடியில் டிச் பட்டன்;
நாற்பது நொடியில் முப்பதாவது மிஞ்சணும்.
காக்கி இரண்டு:
நனைய ஒன்று, நனைந்த மாதிரி ஒன்று.

ஒத்திகை ஆலைக் குடோனில், தவிட்டு வாசனையில்.
பெனடிக்டா சட்டையை மாட்டி நாற்று முடியைப் பிரித்தாள்.
யாரும் சொல்லவில்லை,
அவள் கை பைக்குப் போய்
தொடாமல் திரும்பியது.

"இது நான் எழுதலையே" என்றார் பரிதி.
பத்தொன்பதைத் திருப்பிக் காட்டினேன்.
வெகுநேரம் படித்தார்.
அப்புறம் டீ வாங்கப் போய்விட்டார்.

ஜமாலிடம் ஒன்று சொல்ல மறந்தேன்.
பைத்துணி தளர்வாக இருக்கட்டும்.
கடைசி வரிசைக்கும் தெரியணும்
சட்டை ஒரு பக்கமாய் இழுப்பது.