ஏறும் நேரம்

ஏறும் நேரம் மாலை நான்கு என்றது சீட்டு.
விருத்தாசலத்தில் விடிகாலை பஸ் பிடித்து
ஒன்பதே காலுக்கே புதுச்சேரியில் வந்து நின்றோம்,
கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடும்
தூரத்துச் சொந்தம் மாதிரி.

அம்பலத்தடையார் மடம் வீதியில் ஒரு லாட்ஜ்.
பெட்டியை மட்டும் வைத்துக்கொள்வார்கள்,
மணிக்கு இருபது ரூபாய்.
"கப்பலுக்கா?" என்றான் பையன்
எங்கள் செருப்பைப் பார்த்து.

சகாயராணியும் நானும்
பீங்கான் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில்
இருபத்தாறு வருஷம் எதிரெதிர் மேசை.
மாதம் ஆயிரத்து ஐநூறாய்க் கட்டிய சீட்டு
இப்போது வேறு சீட்டாகிக்
கைப்பையின் உள் ஜிப்பில் இருக்கிறது.
நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்க்கிறாள்.

கடற்கரைப் பக்கம் தெருப்பலகையெல்லாம் நீலம்.
தெருவுக்குப் பிரெஞ்சில் 'ரூ' என்றார் ஆட்டோக்காரர்.
"எவ்வளவு ரூ?" என்றாள் சகாயராணி.
அவர் சிரிக்கவில்லை.
எண்பது வாங்கிக்கொண்டார்.

பதினோரு மணிக்குள் ஊர் தீர்ந்துவிட்டது.
கலங்கரை விளக்கம், சிவப்புத் தொப்பிப் போலீஸ்,
இடுப்பொடிந்து கடலுக்குள் நிற்கும் பழைய பாலம்,
திங்கட்கிழமை என்பதால் பூட்டிய மியூசியம்.
முழங்கை நீள ரொட்டி ஒன்று,
பாதி தின்று பாதி பைக்குள்.

அதற்குப் பிறகுதான் ஊர் தெரிய ஆரம்பித்தது.
மஞ்சள் சுவரில் ஏசி தண்ணீர் வழிந்து வழிந்து
பச்சையாகிப்போன கோடு.
வாய்க்கால் கட்டையில்
பள்ளிக்குப் போகாமல் உட்கார்ந்து
ஊறுகாய்ப் பொட்டலம் நக்கும் ஒருத்தன்.
எங்களைப் பார்த்ததும் அவனுக்கு என்ன பயம்!

வைத்திக்குப்பத்தில் படகு நிழலில் உட்கார்ந்தோம்.
அஞ்சலாட்சி என்றாள், பெயரை யாரும் கேட்காமலே.
கானாங்கெளுத்தி வகிர்ந்துகொண்டிருந்தவள்
கத்தியை நிறுத்தாமல் விசாரித்தாள்.

எத்தினி நாளு?
மூணு ராத்திரி.
எந்தூருக்கு?
ஊருக்கெல்லாம் இல்லை. கடலுக்குள்ள போய்ட்டு
திரும்பவும் இங்கதான் வரும்.
இங்கியேவா?
இங்கேயே.
மீனும் புடிக்காம?

கத்தி நின்றது.

"எங்க வூட்டாளு அப்பிடித் திரும்பி வந்தா
நாங்க அத நஷ்டம்னு சொல்லுவோம்."

சகாயராணி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.
எனக்கு வரவில்லை.
கணக்குப் பிரிவு மூளை
பற்று வரவு போட ஆரம்பித்திருந்தது.
அண்ணனின் சிறுநீரகத்துக்காக ஜிப்மர், பதினொரு தடவை.
வில்லியனூர் மாதாவுக்கு இவள் நேர்த்திக்கடன்,
துணைக்கு நான்.
ஒரு சம்பந்தம் பேச. அது முறிந்த பிறகு
கொடுத்த தட்டைத் திருப்பி வாங்க.
இத்தனை முறை வந்தும்
கடல் எந்தப் பக்கம் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

"வரும்போது இப்பிடி வாங்க," என்றாள் அஞ்சலாட்சி,
"நெத்திலி எடுத்து வைக்கிறேன்.
வெறுங்கையா ஊருக்குப் போவாதீங்க."

இரண்டரைக்குச் செய்தி வந்தது.
அலை அதிகம். ஏறும் நேரம் ஆறரை.
சிரமத்துக்கு வருந்துகிறோம்.

அதற்குள் சகாயராணி
வாந்தி மாத்திரை போட்டுவிட்டிருந்தாள்.
கொஞ்சமும் ஆடாத கல் பெஞ்சில்
கைப்பையைத் தலைக்கு வைத்து
அவள் தூங்குகிறாள், வாய் லேசாகத் திறந்து.
இருபத்தாறு வருஷத்தில்
இவள் தூங்கி நான் பார்த்ததில்லை.
மார்ச் முப்பத்தொன்று ராத்திரிகளில்கூட.

ஐந்து மணிக்குக் கப்பல் தெரிந்தது,
அடுக்குமாடி வீடொன்று
வாடகை கொடுக்காமல் கிளம்பி வந்து
தூரத்தில் நிற்பதுபோல.
மேற்கு வெயில் அதன் எல்லா ஜன்னலிலும்.
குப்பத்துப் படகொன்று
அதன் மூக்குக்கு முன்னால் திரும்பிப் பார்க்காமல் போனது,
வேலைக்குப் போகிற ஆள்.

எழுப்ப வேண்டும். பெட்டி எடுக்க வேண்டும்.
பத்து நிமிஷம் தாமதித்தால்
இன்னொரு மணிக் கணக்கு ஏறும்,
இருபதும் இருபதும் நாற்பது.

ஏறட்டும்.