அரைநாள் மலை

வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் குழிகளில் இறங்குகிறவன் நான்.
கிரீஸும் இருட்டும் கலந்த வாசனை என் சட்டைக்கு.
தெஹ்ரானில் எந்த வீதியைச் சொன்னாலும்
அங்கே எத்தனை மாடி,
எந்த மாடியில் கதவு முனகும் என்று சொல்வேன்.
வெள்ளிக்கிழமை மட்டும்
பட்டனை அழுத்தாமல் உயரம் போவது என்று வைத்திருக்கிறேன்.

பெரிய ஏற்பாடு ஒன்றும் கிடையாது.
தஜ்ரீஷ் சதுக்கத்தில் பங்கு டாக்ஸி.
பின்சீட்டில் மூன்று பேர், முட்டியோடு முட்டி.
நகரம் முடிகிற இடத்தில் ஒரு ரொட்டிக் கடை,
ரொட்டிக் கடை முடிகிற இடத்தில் மலை.
நுழைவுச்சீட்டு இல்லை.
நுழைந்துவிட்டோம் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்.

கியூமர்ஸ் சிகரத்துக்குப் போகிறவன் போல உடுத்தி வருவான்:
கயிறு, கொக்கி, பனிக்கண்ணாடி.
மூன்று வருஷமாக இரண்டாவது தேநீர்க் கடையை
அவன் தாண்டியதில்லை.
கொக்கியில் இன்னும் விலைச்சீட்டு ஆடுகிறது.

ஓடை இடதுபக்கம் இருந்தது.
பிறகு வலதுபக்கம் இருந்தது.
குளிர்பானப் பெட்டி சுமந்த கோவேறு கழுதைக்கு
எல்லோரும் பாறையோடு ஒட்டி வழிவிட்டோம்,
கியூமர்ஸின் வங்கி மேனேஜர் உட்பட.
உதிர்ந்த வெள்ளை முசுக்கொட்டைப் பழம் ஷூவின் அடியில் பிசுபிசுத்தது.
குழந்தையை முதுகில் கட்டிய ஒருத்தி
போனில் யாரையோ திட்டிக்கொண்டே எங்களை முந்தினாள்.

இறங்கி வருகிறவர்கள், முன்பின் தெரியாதவர்கள்,
ஒவ்வொருவரும் சொல்கிறார்கள்:
"களைத்துப் போகாதிருங்கள்."
இந்த ஊரில் கொல்லனுக்கும் குமாஸ்தாவுக்கும் சொல்கிற வார்த்தைதான்.
சில்லறை வாங்கும்போது நானே சொல்வேன், வாய் பாட்டுக்கு.
மூச்சு வாங்குகிறபோது கேட்டால் மட்டும்
அதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

பழக்க தோஷம், மாடி எண்ணினேன்.
இருபத்திரண்டு. முப்பத்தெட்டு.
ஒரு வளைவில் திரும்பிப் பார்க்க, ஊரைக் காணோம்.
பழுப்பாக ஒரு போர்வை.
அதைக் குத்திக்கொண்டு கோபுரம் ஒன்று, கிரேன் இரண்டு.
அதைத்தான் ஆறு நாளும்
காற்றென்று நம்பி இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

இரண்டாவது தேநீர்க் கடை.
ஓடைமேல் போட்ட கம்பளத்தில் காலை நீட்டுகிறேன்,
வாணலியில் தக்காளியோடு முட்டை கொதிக்கிறது,
போன்.
"உஸ்தாத், கரண்ட் போச்சு.
நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இரண்டு பேர்."
"இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.
"அவர்களுக்கும் வெள்ளிக்கிழமைதான்" என்றான் காவலாளி.

ஏற ஒன்றேகால் மணி, இறங்க நாற்பது நிமிஷம்.
முட்டி ஒவ்வொரு படிக்கும் ரசீது கொடுத்தது.
இப்போது ஏறி வருகிறவர்கள் அதே வார்த்தையைச் சொன்னார்கள்.
பதில் சொல்லவில்லை.
வாயில் வேறொரு வார்த்தை இருந்தது.

கதவை நெம்பினேன்.
முதலில் ஒரு கைத்தடி வெளியே வந்தது.
அப்புறம் என் நெஞ்சு உயரத்தில் ஒரு ஷூ,
புதுசு, மண் படாதது.
அப்புறம் பதினோராம் மாடிப் பரிச்செஹர்,
அப்புறம் அவள் புருஷன், தொப்பியோடு, முதுகுப்பையோடு.
மலைக்குக் கிளம்பியவர்கள்.
இரண்டு மணி நேரமாகக் கிளம்பிக்கொண்டே இருந்தவர்கள்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து தெர்மாஸைத் திறந்தாள்.
"மேலே போய்க் குடிக்க வைத்தது."
மூடி எனக்கு. ஒரே கோப்பை அவர்கள் இருவருக்கும்.
புருஷன் என் ஷூவைப் பார்த்தான், பழக்கறையை.
"தாரக்கேயா?"
"தாரக்கே."
"கூட்டமா?"
"கழுதைகள்தான்."
அவள் சிரித்ததில் தேநீர் சிந்தியது.

பையைக் கட்டி எழப்போனேன்.
"களைத்துப் போகாதிருங்கள்" என்றாள்.
மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

கரண்ட் வந்தது.
லிஃப்ட் தானாக இறங்கி எங்கள் எதிரில் நின்று
கதவைத் திறந்து காத்திருந்தது, வெளிச்சமாக.
பார்த்தோம். யாரும் அசையவில்லை.
மூடிக்கொண்டு போயிற்று.

கியூமர்ஸ் செய்தி அனுப்பியிருந்தான்:
"முட்டை ஆறிப்போச்சு. உன்னுடையதையும் சாப்பிட்டேன்.
அடுத்த வாரம் சிகரம்."