பன்னிரண்டாயிரம் லிட்டர்

பீர் ஹுமைரா.
பீர் என்றால் கிணறு.
ராஜபாளையத்தில் தங்கை மாப்பிள்ளையிடம் சொன்னேன்,
அரைமணி நேரம் சிரித்தார்.

ஹைமாவுக்குத் தெற்கே நூற்றுப்பத்து கிலோமீட்டர்,
தார் முடிந்த பிறகு இன்னும் இருபத்தாறு.
எந்தப் பக்கம் திரும்பினாலும் சரளைக்கல்.
மேற்கே குப்பை எரிப்பார்கள்,
அதனால் மேற்கு மட்டும் அடையாளம் தெரியும்.

ஊரிலேயே உயரமான இடம்
பள்ளிக்கூடத்தின் பின்னால் நிற்கும் தண்ணீர்த் தொட்டி,
ஒன்பது மீட்டர்.
ஏறினால்தான் போனில் சிக்னல்.
வெள்ளிக்கிழமை இரவு வரிசையாக ஏறி
அவரவர் மனைவியோடு பேசுவோம்.
அதுதான் எங்களுக்குக் கொடைக்கானல்.

பாலைக்கு மரம் இலுப்பை என்று
பத்தாம் வகுப்பில் எழுதி ஒரு மார்க் வாங்கியவன் நான்.
இங்கே இருப்பது ஒற்றைக் காஃப் மரம்.
அதன் நிழலையும் ஹுமைதின் டொயோட்டா பிடித்துக்கொள்ளும்.

வரலாறும் உண்டு.
எண்ணெய் தேடி வந்தவர்கள் துளை போட்டார்கள்,
உப்புத் தண்ணீர் பொங்கியது,
திட்டிவிட்டுப் போனார்கள்.
ஒட்டகம் குடித்துப் பார்த்தது, குறை சொல்லவில்லை.
ஒட்டகம் நின்றதால் ஹுமைதின் அப்பா நின்றார்.
அவர் நின்றதால் அரசாங்கம் பன்னிரண்டு வீடு கட்டியது,
பள்ளிவாசல், பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பங்க்.
பிறகு வந்த நெடுஞ்சாலை
பதினொரு கிலோமீட்டர் தள்ளியே போய்விட்டது.
பங்க்கின் பலகை
இன்னும் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கிறது,
கேட்கத்தான் வண்டி இல்லை.

மக்கள்தொகையை என்னிடம் கேட்க வேண்டும்.
நான் தண்ணீர் லாரி.
வாரம் மூன்று நடை,
நடைக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர்.

தைஃபா வீட்டுப் பெண் நர்ஸ் படிக்க சோஹார் போனாள்.
நான் அவள் முகம் பார்த்ததில்லை.
அந்த வாரம் அவர்கள் தொட்டியில்
நாலு விரல் தண்ணீர் மிச்சம்.

ரிஃபாத் வாத்தியார் வீட்டில் திடீரென்று அளவு கூடியது.
எகிப்திலிருந்து வீட்டம்மா வந்துவிட்டாரென்று நினைத்து
ஒரு டப்பா பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.
கொல்லையில் மொலொகியா கீரைப் பாத்தி.
இருவரும் கீரையைப் பார்த்தபடியே பழம் தின்றோம்.

ஹுமைதின் அப்பா இறந்தபோது நாலு நடை கூடுதல்.
எங்கெங்கிருந்தோ முன்னூறு பேர்.
மூன்று நாள் இது நகரம்.
மொஃபிசுல் கடையில் தயிர் தீர்ந்துபோனது,
அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவை.

போன மாதம் கணக்கெடுக்க ஒரு பையன் வந்தான்,
கையில் டேப்லெட், காலில் வெள்ளை ஷூ.
வீடு வீடாகத் தட்டினான்.
கடைசியில் லாரிக் கதவையும் தட்டினான்.

அட்டையை வாங்கித் தேய்த்துப் பார்த்து,
"உன் விலாசம் நிஸ்வா. உன்னை அங்கே எண்ணியாகிவிட்டது" என்றான்.
நிஸ்வாவில் எனக்குக் கம்பெனிக் கட்டில் ஒன்று உண்டு.
போன நோன்புக்கு முந்தின நோன்பில் அதில் படுத்தது.
இப்போது டேக் பகதூர் தூங்குகிறான்,
அவனை எந்த ஊரில் எண்ணினார்களோ.

"எட்டு வருஷமாக இங்கேதான்" என்றேன்.
தலையாட்டினான். நல்ல பையன்.
இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான்,
ஷூவில் ஒட்டிய புழுதியைக் கழுவிக்கொண்டான்.
மொத்தம் அறுபத்துமூன்று என்று சொல்லிவிட்டுப் போனான்.

அறுபத்துமூன்று பேருக்குக் கணக்குப் போட்டால்
வாரம் ஐந்நூற்றுச் சொச்சம் லிட்டர் இடிக்கிறது.
அது எங்கே போனதென்று
கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாலை லாரி நிழலில் உட்கார்ந்து,
படிவத்தைத் தொடைமேல் வைத்து,
காரணம் என்ற கட்டத்தில்
எழுத்துக்கூட்டி எழுதினேன்:
ஆவியாகிவிட்டது.